மண்மூட்டையாகத் தைத்த கூறைச்சேலை: தையலைப் பிரிக்கலாமா?

ஊடைநூல் | விசுவமடு

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் கோயில் தொம்பை (குழல்போலத் தைத்துத் தொங்கவிடும் அலங்காரத் துணி) பற்றிக் கேட்டு எழுதியவள்தான். இந்த முறை கையில் இருப்பது அதைவிடச் சிக்கலான ஒன்று.

புதிதாக வாசிப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களுடையது ஒரு சின்ன நெசவுச் சங்கம். பதினொரு பேர், ஒருவரைத் தவிர எல்லோரும் பெண்கள். கிழமை நாட்களில் சாரமும் படுக்கை விரிப்பும் நெய்கிறோம். சனிக்கிழமை பின்னேரம் சம்பளம் இல்லாத வேலை. ஊருக்குள் மிஞ்சிக் கிடக்கும் பழைய துணிகளைச் செப்பனிடுகிறோம்: கோயில் திரைச்சீலை, தொம்பை, கூத்து உடுப்பு, அம்மம்மாக்களின் சேலை. மிஞ்சிக் கிடக்கும் என்று எழுதிவிட்டேன், மிஞ்சியது மிகக் கொஞ்சம். 2008 இல் போருக்குத் தப்பி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட வீடு, அடுத்த வருடம் வைகாசிக்குள் ஒரு கைப்பையாகச் சுருங்கியது. அதற்குள் பட்டுச்சேலைக்கு எங்கே இடம்?

மூன்று கிழமைக்கு முன் ஒரு அம்மா சொப்பிங் பையில் ஒரு துணிப்பையை மடித்துக் கொண்டுவந்தார். விரித்தால் அது கூறைச்சேலை. 1986 இல் அவருடைய கலியாணத்துக்கு யாழ்ப்பாணத்தில் வாங்கிய இந்தியப் பட்டு. உடல் குங்குமச் சிவப்பு, கரை கடும்பச்சை, இரண்டிலும் சரிகை. 2009 பங்குனியில் மாத்தளன் கடற்கரையில் பங்கருக்கு மண்மூட்டை அடுக்க உரப்பை கிடைக்கவில்லை. சேலைகளைத் தைத்து மணல் நிரப்பியதை அங்கே இருந்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். முதலில் நூல்சேலை, பிறகு நைலெக்ஸ், கடைசியில் பட்டு. இவர் கூறையை நாலாக வெட்டினார். மூன்று துண்டு அங்கேயே போய்விட்டது. முந்தானைத் துண்டை மட்டும், இடம் மாறும்போது மணலைக் கொட்டிவிட்டு, உள்ளே பிள்ளையின் உடுப்புகளை வைத்துக் கொண்டுவந்தார். செட்டிகுளம் முகாமுக்கும் அதே பைதான் போனது.

துண்டு ஒன்றேகால் மீற்றருக்குக் கொஞ்சம் மேலே வரும். இரண்டாக மடித்து இரு பக்கமும் கையால் தைத்திருக்கிறது. தையல் மடிப்புக்குள் இன்னமும் மணல் இருக்கிறது. மடிப்பு முனையில் பட்டு கிழியத் தொடங்கிவிட்டது. சரிகையில் ஒரு பக்கம் கறுப்பு, சில இடங்களில் பச்சை பூத்திருக்கிறது.

அம்மா கேட்பது இதுதான். தையலைப் பிரித்து, கழுவி, துண்டை மட்டமாக்கித் தர வேண்டும். ஆவணியில் கடைசி மகளுக்குக் கலியாணம். கூறைத் தட்டில் புதுக் கூறைக்குக் கீழே இதை வைக்கப்போகிறார்.

சங்கத்தில் பாதிப் பேர் தையலில் கை வைக்கவே கூடாது என்கிறார்கள். அந்தத் தையல்தான் இந்தத் துணியின் கதை, பிரித்தால் இது வெறும் கிழிந்த சேலை என்பது அவர்களின் வாதம். மற்றப் பாதி, சேலை அவருடையது, அவர் சொன்னால் சரி என்கிறது. நான் நடுவில் நிற்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வண்டில்மாடு | மாங்குளம்

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? தையலை வெட்டுங்கோ, சன்லைற் போட்டு அலசுங்கோ, வெயிலில் காயப் போடுங்கோ. எங்கள் அம்மா நாற்பது வருடமாக அப்படித்தான் செய்கிறா. சேலை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.


ஊடைநூல் | விசுவமடு

அண்ணை, நாங்களும் போன வருடம் அப்படித்தான் நினைத்தோம். அதை இங்கே எழுதவில்லை, வெட்கமாக இருந்தது. இப்போது எழுதுகிறேன்.

அந்தத் தொம்பையை நாங்கள் குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் நனைத்தோம். இரண்டு பிழை. ஒன்று, எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. வாளியில் ஒரு இரவு வைத்தால் அடியில் செம்மஞ்சள் படியும். எங்கள் வீட்டுக் குளியலறைத் தரையைப் பார்த்தாவது அது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். காய்ந்த பிறகு வெள்ளைத் துணி முழுக்கத் தவிட்டுநிறப் புள்ளி. இரண்டாவது, சிவப்புத் துண்டுகளின் சாயம் போகுமா என்று ஓரத்தில் கூடச் சோதிக்கவில்லை. அது வெள்ளைக்குள் இறங்கி ரோசாவாகப் பரவிவிட்டது. கோயில் ஆட்கள் ஒரு சொல் பேசவில்லை, வாங்கிக்கொண்டு போனார்கள். பேசியிருந்தால் நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன்.

சவர்க்காரம் காரத்தன்மை உள்ளது, பட்டுக்கு அது ஆகாது. பட்டும் கம்பளியும் காரத்தில் கெடும், பருத்தி அமிலத்தில் கெடும். உங்கள் அம்மாவின் சேலைகள் பருத்தியாக இருக்கும்.


மூன்றுநாடா | காஞ்சிபுரம்

அக்கா, நான் தறிக்காரக் குடும்பம். அப்பா, சித்தப்பா எல்லோரும் நெய்தவர்கள், நான் இப்போது கடையில் இருக்கிறேன். பட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கரையும் உடலும் சேரும் கோட்டைப் பாருங்கள். உடல் சிவப்பு, கரை பச்சை என்றால் பெரும்பாலும் கோர்வை போட்டது. குறுக்கு நூலான ஊடையை ஓட்டும் நாடா உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று, ஆக மூன்று நாடா ஓடும். பழைய தறியில் நெய்பவருக்கு எதிர்ப்பக்கம் நாடாவை வாங்கித் தள்ள ஒரு பையன் உட்காருவான், என் அப்பா அப்படித்தான் தொழில் பழகினார். அந்த இரண்டு ஊடையும் ஒன்றையொன்று கவ்வும் இடத்தில்தான் கோர்வைச் சேலை முதலில் விடும். மணல் நிரப்பித் தூக்கியிருந்தால் பாரம் முழுக்க அந்தக் கோட்டில் இறங்கியிருக்கும். வெளியே நன்றாகத் தெரியும், பின்பக்கம் திருப்பிப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும்.

முந்தானைத் துண்டு என்றால் பேட்னியும் இருக்கலாம். உடலில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களில் முந்தானைக்கான புதுப் பாவு நூல்களைக் கோத்து இணைக்கும் இடம் அது, கொஞ்சம் தடித்த வரியாகத் தெரியும். அந்த வரியில் மடிப்பு விழக் கூடாது.

சரிகை பற்றி. நல்ல சரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, மேலே தங்கம் பூசியது. வெள்ளி காற்றுப் பட்டுப் பட்டுக் கறுக்கும். பச்சை பூத்தால் செம்பு. ஆக உங்கள் சரிகையில் செம்பு கலந்திருக்கிறது, கடற்கரை உப்பும் ஈரமும் சேர்ந்து அதைப் பூக்க வைத்திருக்கின்றன. உதிர்ந்த சரிகை இழை ஒன்றை விரலால் நெருடிப் பாருங்கள், உள்ளே சிவப்பா, வெள்ளையா என்று தெரியும். புளி போட்டோ திருநீறு போட்டோ தேய்க்க யாரையும் விட்டுவிடாதீர்கள். பூச்சு காகிதத்தை விட மெல்லியது.


வேர்க்கிண்டி | மன்னார்

சாயத்துக்கு ஒரு சோதனை இருக்கிறது. தண்ணீர் ஒரு துளி விட்டு ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளை ஒற்றுத்தாளை வைத்து மேலே சின்னப் பாரம் ஏற்றுங்கள். தாளில் நிறம் ஏறினால் அந்த நிறத்தைக் கழுவக் கூடாது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். வெறும் தண்ணீரில் ஒரு முறை, கழுவப் பாவிக்கும் கரைசலில் ஒரு முறை. சிவப்பு நின்றது என்பதற்காகப் பச்சையும் நிற்கும் என்று நம்பக் கூடாது.

1986 ஆம் ஆண்டுச் சேலை என்றால் செயற்கைச் சாயம்தான், அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. பெருமைப்பட வேண்டியது எங்கள் காலடியில் கிடந்தது. சாயவேர், இம்பூறல் என்றும் சொல்வார்கள். மன்னார் மணலில் தானாக முளைக்கும். வேரில் இருக்கும் சிவப்பு, படிகாரம் ஏற்றிய பருத்தியில் பிடித்தால் இலேசில் விடாது. சோழமண்டலக் கரையில் ஐரோப்பாவுக்கு அனுப்பக் கையால் சித்திரம் எழுதிய சீலைகளின் சிவப்பு இந்த வேர்தான். ஒல்லாந்தர் இங்கே இருந்த காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வேர் கிண்டி எடுப்பதைக் கம்பனி தன் கையில் வைத்திருந்தது, ஏனென்றால் அதில் காசு இருந்தது. என் பெயர் அங்கிருந்து வந்ததுதான். இன்றைக்குப் பிள்ளைகளிடம் செடியைக் காட்டினால் களை என்கிறார்கள். சரி, விஷயத்தை விட்டு விலகிவிட்டேன்.

ஒன்று மட்டும். எழுதிய பழைய கோயில் சீலை எதுவும் கிடைத்தால் கறுப்புக் கோடுகளைக் கவனியுங்கள். இரும்புத் துண்டைச் சர்க்கரைத் தண்ணீரில் ஊறவிட்டு, கடுக்காய் ஏற்றிய துணியில் எழுதுவார்கள். அந்தக் கறுப்பு, துணியை உள்ளிருந்தே தின்னும். சிவப்பு அப்படியே இருக்க, கோடு போட்ட இடமெல்லாம் கத்தியால் கீறியதுபோலப் போயிருக்கும்.


பனங்கூடல் | இங்கிலாந்து

தங்கச்சி, நான் இங்கே ஒரு பழைய மாளிகையில் வாரம் ஒரு நாள் தொண்டு வேலை செய்கிறேன். நான் போகும் இடத்தில் எங்கள் கைகளில் ஊசியைத் தருவதில்லை. தூரிகை, தூசி உறிஞ்சி, குறிப்புப் புத்தகம், அவ்வளவுதான். தையல் எல்லாம் படித்துப் பழகிய ஆட்களின் வேலை. ஹார்ட்விக் மாளிகையில் 13 பெரிய சித்திரத் திரைகள் இருக்கின்றன, 1592 இல் வாங்கியவை. அவற்றைச் செப்பனிட 24 வருடம் எடுத்து 2023 இல்தான் முடித்தார்கள். உங்களை அவசரப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன், பயமுறுத்த அல்ல.

என் கருத்து: பிரிக்க வேண்டாம். ஒரு கதை சொல்கிறேன். 1814 இல் அமெரிக்காவின் போல்ற்றிமோர்க் கோட்டையில் பறந்த பெரிய கொடி ஒன்று வாசிங்ரனில் இருக்கிறது. 1914 இல் அமேலியா பவுலர் என்ற பெண்மணியும் அவருடைய தையல்காரிகளும் அதன் பின்னால் லினன் துணி வைத்து, வலைபோலத் தைத்தார்கள். ஏறக்குறைய 17 இலட்சம் தையல். அன்றைக்கு அது மிகச் சிறந்த வேலை. 1998 இல் தொடங்கிய செப்பனிடலில் அந்த 17 இலட்சத்தையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார்கள், பழைய துணியை அந்தத் தையல்கள் இழுத்துக்கொண்டிருந்ததால். ஆனால் அதே கொடியில் யாரோ எப்போதோ வெட்டிக்கொண்டு போன நட்சத்திரத்தின் இடத்தை இன்றைக்கும் அப்படியே விட்டிருக்கிறார்கள். புதிதாக ஒன்றைத் தைத்து வைக்கவில்லை. அந்தத் துளையும் கொடியின் வரலாறு என்று எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் மண்மூட்டைத் தையல் எந்த வகை? பின்னால் வந்த செப்பனிடலா, அல்லது துணிக்கு நடந்ததா? எனக்கு இரண்டாவதாகவே தெரிகிறது. முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுங்கள்.


அண்ணாவியார்பேரன் | முல்லைத்தீவு

பிரிக்கவே கூடாது. நான் இதைக் கோபமாகவே எழுதுகிறேன், மன்னிக்கவும்.

எங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? கட்டிடம் இல்லை, படம் இல்லை, கொப்பிகள் இல்லை. ஒரு கூறைச்சேலை மண்மூட்டையாகத் தைத்தபடியே கிடைத்திருக்கிறது. அதைப் பிரித்துக் கழுவி அழகாக்குவதா? ருவாண்டாவில் நியமாட்டா தேவாலயத்துக்குள் 1994 இல் கொல்லப்பட்டவர்களின் உடுப்புகளை இருக்கைகள் மேல் அப்படியே வைத்திருக்கிறார்கள். 2023 இல் அந்த இடம் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. நாங்கள் மட்டும் சலவை செய்து மடித்து வைக்க வேண்டுமா? அந்த அம்மாவிடம் பேசி, ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். செலவில் ஒரு பங்கு நான் தருகிறேன்.

இன்னொரு கேள்வி, இதோடு தொடர்பில்லை. எங்கள் தாத்தாவின் கோவலன் கூத்து உடுப்பு ஒன்று ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது. கண்ணாடித் துண்டும் சரிகைக் கடதாசியும் ஒட்டியது. உள்ளே ராமபாணப் பூச்சி ஓடுகிறது. பூச்சி உருண்டை போடலாமா?


ஊடைநூல் | விசுவமடு

தம்பி, உடுப்புக்கு முதலில் பதில் சொல்கிறேன், அது சுலபம். தண்ணீர் காட்டவே வேண்டாம், கடதாசியும் பசையும் கரைந்துவிடும். பூச்சி உருண்டையும் வேண்டாம், அந்த மணம் உங்களுக்கும் கூடாது. பொலித்தீன் பையில் இட்டு, காற்றை வெளியேற்றி, வாயை ஒட்டி, ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு கிழமை வையுங்கள். நாங்கள் ஒரு ஐஸ்கிறீம் கடைக்காரரின் பெட்டியைக் கெஞ்சி வாங்கினோம். மீன் வைக்கும் பெட்டி என்றால் இன்னொரு பைக்குள் போடுங்கள், இல்லாவிட்டால் கோவலன் மேடையில் மணப்பார். வெளியே எடுத்ததும் உடனே பையைத் திறக்க வேண்டாம், ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். அவசரப்பட்டால் குளிர்த்துணியில் நீர் கோத்துவிடும். கண்ணாடி ஒட்டியிருப்பதால் முதலில் ஒரு துண்டை மட்டும் வைத்துப் பாருங்கள்.

கூறைச்சேலை பற்றி நீங்கள் சொன்னது எனக்கு இரவு முழுக்க நித்திரை இல்லாமல் செய்தது. ஆனால் ஒன்று. நியமாட்டாவில் அந்த உடுப்புகளுக்குச் சொந்தக்காரர் இல்லை. இந்தச் சேலையின் சொந்தக்காரர் சனிக்கிழமை தோறும் வந்து எங்களுக்குத் தேநீர் ஊற்றித் தருகிறார்.


சின்னக்கிளி | கனடா

நான் கேட்பதைப் பிழையாக எடுக்க வேண்டாம். வெட்டிய சேலை, அதுவும் அப்படியான இடத்தில் இருந்த சேலை, கலியாணத் தட்டில் வைப்பது சகுனம் இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்களே? அந்த அம்மாவின் கணவர் இருக்கிறாரா?


ஊடைநூல் | விசுவமடு

அக்கா, அவர் கணவரைத் தேடிக்கொண்டிருக்கிறார். பொட்டு வைத்திருக்கிறார். இதற்கு மேல் இங்கே எழுதமாட்டேன்.


சின்னக்கிளி | கனடா

மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்டிருக்கக் கூடாது.


வண்டில்மாடு | மாங்குளம்

சன்லைற் கதையை வாபஸ் வாங்குகிறேன். எனக்குத் துணி தெரியாது, பற்றறி தெரியும். எனக்குக் கடை இருக்கிறது. பற்றறிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரில் உப்பும் இல்லை, இரும்பும் இல்லை. எத்தனை போத்தல் வேண்டும் என்று சொல்லுங்கோ, காசு வேண்டாம். ஆனால் போத்தலைத் திறக்க முதல் இரண்டு தரம் பாருங்கோ. அசிட் போத்தலும் அதே தட்டில்தான் நிற்கிறது, அசிட் பட்டால் சேலையும் இல்லை, உங்கள் விரலும் இல்லை.


ஊடைநூல் | விசுவமடு

இரண்டு சனிக்கிழமை கழித்து வருகிறேன். நிறைய நடந்துவிட்டது, ஒழுங்காகச் சொல்ல முடியுமா தெரியவில்லை.

வண்டில்மாடு அண்ணையின் தண்ணீர் வந்தது, நன்றி. வேர்க்கிண்டி சொன்ன சோதனையைச் செய்தோம். சிவப்பு நின்றது. பச்சை ஒற்றுத்தாளில் ஒரு வெற்றிலை அளவுக்கு இறங்கியது. ஆகவே கழுவும் பேச்சு முடிந்தது. மூன்றுநாடா தம்பி சொன்னதுபோல் பின்பக்கம் திருப்பிப் பார்த்தோம். கோர்வைக் கோட்டில் ஒரு சாண் நீளத்துக்கு ஊடை அறுந்து, பாவு மட்டும் தலைமயிர்போல நிற்கிறது. வெளியே ஒன்றும் தெரியவில்லை.

அடுத்தது தையல் நூல். பருத்தி நூல் என்று நினைத்திருந்தோம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் தங்கூசி. மீன் வலைக்குப் பாவிக்கிற அதே நைலோன் இழை. அந்தக் கரையில் அப்போது நூல் கிடைத்ததை விட அது கிடைத்திருக்கும். தங்கூசி இலேசில் அறாது, பட்டுத்தான் விட்டுக்கொடுக்கும். ஒவ்வொரு தையலும் பட்டை அறுத்துக்கொண்டிருக்கிறது, மடிப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம். பனங்கூடல் அண்ணை, நீங்கள் சொன்ன கொடிக் கதையில் அந்த 17 இலட்சத்தையும் வெட்ட என்ன காரணமோ, அதே காரணம் இங்கேயும் இருக்கிறது. துணிக்கு நடந்ததா, பின்னால் வந்ததா என்று நீங்கள் கேட்டதற்கு எனக்கு இன்னும் பதில் இல்லை. ஆனால் இப்படியே கண்ணாடிப் பெட்டியில் வைத்தாலும் சில வருடத்தில் தையல் மிஞ்சும், சேலை மிஞ்சாது.

அம்மாவிடம் இதைச் சொன்னோம். பெரிய விளக்கம் எல்லாம் தயார் செய்திருந்தேன், வரலாறு, ஆதாரம், அண்ணாவியார்பேரன் எழுதியது உட்பட. பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னதை அவருடைய வாயாலேயே எழுதுகிறேன்:

"பிள்ளை, நான் பள்ளிக்கூட உடுப்புத் தைச்சுத்தான் பிள்ளையளை வளர்த்தனான். இதை ஒரு இரவிலை தைச்சது. லாம்பும் இல்லை, மெசினும் இல்லை. எவ்வளவு கோணலாக் கிடக்கு பார். இதை ஒரு பெட்டிக்குள்ளை வைச்சு ஊருக்குக் காட்டுறதோ? ஆரும் என்னைத் தையல்காரி எண்டு சொல்லுவினமோ?"

எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. பதினொரு பேரும் தறிக்காரர்கள். கோணல் ஊடை ஓடினால் அவிழ்த்து மறுபடி நெய்கிறவர்கள் நாங்கள்.


அண்ணாவியார்பேரன் | முல்லைத்தீவு

இதற்கு நான் என்ன எழுதுவது. பிரியுங்கள் அக்கா. ஆனால் படம் எடுத்துவிட்டுப் பிரியுங்கள். அந்தத் தங்கூசியை எறிய வேண்டாம், கேட்டுக்கொள்கிறேன். கதையையும் அவர் குரலில் பதிவு செய்து வையுங்கள், அவர் விரும்பினால் மட்டும்.


பனங்கூடல் | இங்கிலாந்து

நானும் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். தங்கூசி என்று தெரிந்திருந்தால் முதலிலேயே வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

பிரிக்கும் முறை: தையலை இழுக்க வேண்டாம். ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டி, இடுக்கியால் தூக்குங்கள். ஒரு நாளில் ஒரு பக்கத்துக்கு மேல் செய்ய வேண்டாம், கண் களைத்தால் கத்தரி பட்டில் விழும். மணல் எடுக்க, தூசி உறிஞ்சியின் வாயில் நெற் துணி கட்டி, துணியைத் தொடாமல் கொஞ்சம் மேலே பிடித்து நகர்த்த வேண்டும். இழுவை மிகக் குறைவாக இருக்க வேண்டும். மடிப்பு நிமிர, ஸ்திரிக்கைப் பெட்டியைத் தொடவே கூடாது. ஈரக் காற்றில் சேலை இளகியதும் சின்னக் கண்ணாடித் துண்டுகளைப் பாரமாக வையுங்கள்.

அறுந்த இடத்துக்கு, அதே சிவப்பில் சாயமேற்றிய மெல்லிய பட்டுத்துணியைக் கீழே கொடுங்கள். நிற்கும் பாவு நூல்களை ஒழுங்காகக் கிடத்தி, மேலே ஒரு மெல்லிய பட்டு நூலை நீளமாக ஓட்டி, அதைக் குறுக்கே சின்னச் சின்னத் தையலால் பிடியுங்கள். பழைய நூலைக் குத்தக் கூடாது, நூல்களுக்கு இடையால் ஊசி போக வேண்டும். நாளைக்கு யாராவது பிரிக்க நினைத்தால் பிரிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.


மூன்றுநாடா | காஞ்சிபுரம்

அக்கா, ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் அந்த அம்மாவிடம். பருத்தியில் ஊசித் துளை நனைத்தால் ஓரளவு மூடும். பட்டில், அதுவும் இவ்வளவு காலம் பாரம் தாங்கிய துளை, மூடாது. தையல் போனாலும் வரிசையாகத் துளைகள் நிற்கும்.

கலியாணத் தட்டில் வைக்கும்போது பேட்னி வரியில் மடிப்பு வராமல், மடிப்புக்குள் பருத்தித் துணியை உருட்டி வையுங்கள். அரை நாள் என்றால் பாதகம் இல்லை. அப்புறம் மடித்து அலுமாரியில் வைக்க விடாதீர்கள். கம்பளக் கடையில் வரும் கடதாசிக் குழாய் ஒன்றில் அலுமினியத் தாள் சுற்றி, அதன் மேல் கழுவிய வெள்ளைத் துணி சுற்றி, சேலையை உருட்டி வைக்கலாம்.


ஊடைநூல் | விசுவமடு

மூன்று கிழமை ஆகிவிட்டது. மாரி தொடங்கும் முன் முடித்துவிட வேண்டும் என்ற பதற்றம் எங்களுக்கு. தகரக் கூரைக்குக் கீழே ஐப்பசி பிறந்தால் ஊறுகாய் கூடப் பூஞ்சணம் பிடிக்கும்.

தூசி உறிஞ்சி வாகனம் கழுவும் கடையில் இரவல் வாங்கினோம். முதலில் போட்டபோது அது ஒரு மேசை விரிப்பையே விழுங்கப் பார்த்தது. பக்கத் துவாரத்தைத் திறந்து விட்டு, வாயில் நெற் இரண்டு மடிப்புக் கட்டியதும் அடங்கியது. மடிப்புகளுக்குள் இருந்து இரண்டு தேக்கரண்டி அளவு வெள்ளை மணல் வந்தது. அதை ஒரு போத்தலில் போட்டு, பெயர் ஒட்டி, பெரிய மரியாதையோடு அம்மாவிடம் கொடுத்தோம். "மணலை என்னத்துக்குப் பிள்ளை, அது அங்கை நிறையக் கிடக்கு" என்று மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போனார். போத்தல் இப்போது சங்கத்து அலுமாரியில் இருக்கிறது. தங்கூசியும் அதற்குப் பக்கத்தில் ஒரு கடதாசி உறையில் இருக்கிறது, தம்பி.

சேலையின் நிறம் இரண்டு படி தெளிந்துவிட்டது. தண்ணீர் ஒரு துளி படவில்லை என்று சொன்னால் அம்மா நம்பவில்லை. சரிகையைத் தொடவில்லை. கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது.

பிரித்தது போன சனிக்கிழமை. ஒரு பக்கம் நானும், மறு பக்கம் எங்கள் சங்கத்தின் ஒரே ஆம்பிளையும். அவருடைய கை எங்கள் எல்லோரையும் விடப் பதமானது, பழைய கடிகாரம் திருத்தியவர். நூற்று நாற்பத்தாறு தையல். கடைசித் தையலை வெட்ட அம்மாவிடம் கத்தரியைக் கொடுத்தோம். வேண்டாம் என்றார், கை நடுங்கும் என்றார்.

கண்ணாடித் துண்டு வைத்து இரண்டு நாள் விட்டோம். நேற்று மட்டமாகக் கிடந்தது. மூன்றுநாடா சொன்னதுபோல் துளைகள் மூடவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு ஓரத்திலும் புள்ளி வரிசை தெரிகிறது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, ஒரு முனையில் இருந்து மறு முனை வரை விரலால் தடவிக்கொண்டு போனார். பை சுருங்கிக் கிடந்தபோதுதான் தையல் கோணலாகத் தெரிந்திருக்கிறது. மட்டமாக்கியதும் துளைகள் ஒரே கோட்டில் நின்றன.

"நேராத்தான் தைச்சிருக்கிறன்" என்றார்.

கோர்வைக் கோட்டுக்குக் கீழே கொடுக்கும் சிவப்புப் பட்டு சாயம் போட்டு ஆயிற்று. கரைக்கு மேலே விரிக்க, மெல்லிய கடும்பச்சை நெற் துணி ஒரு மீற்றர் தேவை. கிளிநொச்சியில் வெள்ளையும் ரோசாவும்தான் கிடைக்கிறது. ஆவணிக்கு இன்னும் ஐந்து சனிக்கிழமை இருக்கிறது.


வண்டில்மாடு | மாங்குளம்

வவுனியாவுக்கு நாளை மறுநாள் சாமான் எடுக்கப் போகிறேன். பச்சையில் எந்தப் பச்சை? வேப்பிலையா, வாழையா? ஒரு நூல் துண்டு வெட்டி பஸ்ஸில் கொடுத்து விடுங்கோ. வெட்டும்போது சேலையில் இருந்து வெட்டிவிடாதேங்கோ.